மதினி அணைச்ச கற்பூரம்

என் வீட்டுக்காரரோட அக்காளைக் கண்டாலே எனக்கு ஆகாது. தாலியறுத்த கையோட ஒரு பசுமாட்டை ஓட்டிக்கிட்டு, அப்புத்தளைக்குக் கீழ தேயிலைத் தோட்டத்துல, வரிசையா ஒட்டின எங்க லயத்து வீட்டுல வந்து ஒண்டினவ. மதினின்னு வாயாலதான் கூப்பிட்டேன், மனசால இல்ல.

என் மூத்த மக பொறந்து ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தா. அப்போ மாடு சினை, பால் வத்தியிருந்துச்சு. கன்னு போட்டதும் மதினி சீம்பாலைக் காய்ச்சி என் முன்னால வச்சா. "பால் குடுக்கிறவ தின்னாத்தான் பிள்ளைக்கு ஊறும், தின்னுடி!" தின்னேன். மறுநாள் பிள்ளைக்கு வயித்தால போச்சு, சளியும் ரத்தமுமா. மூஞ்சியெல்லாம் சொறி. அதுக்கு மேல தினமும் பூண்டு போட்டு ஒரு செம்பு பால் வேற எனக்கு.

"மாட்டுப்பால் என் வழியாப் போயி பிள்ளைக்கு ஒத்துக்கல"ன்னு சொன்னேன். தோட்டத்துல மருந்து குடுக்கிற ஐயா சிரிச்சார். மதினி, "லச்சுமியைப் பழிக்கிறியா?"ன்னு பாய்ஞ்சா. போ, நீயும் உன் லச்சுமியும்னு பால், மோர், தயிர் எல்லாத்தையும் விட்டேன்.

ரத்தம் நிக்கல. பிள்ளை தேஞ்சு எலும்பாப் போச்சு, செத்துருமோன்னு ராவெல்லாம் மூக்குல விரலை வச்சு மூச்சைப் பார்த்தேன். மதினிதான் திருட்டுத்தனமா என் கஞ்சியில பாலைக் கலக்குறான்னு முடிவே பண்ணிட்டேன். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை, லயத்துச் சனமெல்லாம் பார்க்க அவளை மாரியம்மன் கோயில் வாசலுக்கு இழுத்துட்டுப் போனேன். "கலக்கலேன்னா கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு!" உள்ளங்கையால பொத்தி அணைச்சா. அப்பவும் நான் நம்பல, காறித் துப்பினேன். மறுநாளே மாட்டையும் கன்னையும் ஓட்டிக்கிட்டு தெமோதரையில சொந்தக்காரங்ககிட்ட போயிட்டா. தொலைஞ்சது சனியன்னேன்.

அவ போயும் பத்து நாள் ரத்தம் வந்துச்சு, பிறகு தானா நின்னுருச்சு. ஒருநாள் காலி நெய்ச்சட்டியைக் கழுவப்போன நான், அடியில ஒட்டியிருந்த கசடைச் சுரண்டி, கருப்பட்டியோட தின்னேன். மறுநாள் பிள்ளைத் துணியில திரும்ப ரத்தம். அடிப்பாவி! மாடு கன்னு போட்ட பிறகு மதினி கடைஞ்ச வெண்ணெயை நானே உருக்கி, பிள்ளை பெத்தவ திங்கிற லேகியத்துல கசடோட ஊத்தி, காலையும் சாயங்காலமும் உருட்டித் தின்னுக்கிட்டிருந்தேன். லேகியம் மருந்தாச்சே, அதைப் போயி பாலுன்னு எவ நெனைப்பா? நெய் தீர்ந்தப்போதான் பிள்ளை தேறியிருக்கு.

ஆறு மாசம் கழிச்சு மதினி வந்தா. வாசல்லயே நின்னா. மக கொழுகொழுன்னு தவழ்ந்து போயி அவ சேலையைப் பிடிக்கக் கையை நீட்டுச்சு. அவ பின்னால நகர்ந்துக்கிட்டா.

"நான் போன பிறகுதானே தேறுச்சு? அப்ப என் ராசிதான். நான் தொட்டதுதான் பிள்ளைக்கு ஆகல, இல்லையா?"

அவ கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு. உண்மையைச் சொன்னா லயமே என் மூஞ்சியில துப்பும். அதைவிட, இவகிட்டயா தோக்குறதுன்னு ஒரு வீம்பு.

"ஆமா மதினி"ன்னு சொன்னேன்.