அங் மோ கியோவைத் தாண்டி

சிங்கப்பூரின் வடக்கே, மார்சிலிங்கில் ரயில் ஏறினால் அங் மோ கியோ வரைக்கும் வெளிச்சம் கூடவே வரும். கழிகளில் காயும் துணிகள், பள்ளித் திடல்கள், மரங்களின் உச்சி எல்லாம் சன்னலோரம் ஓடும். அதன் பிறகு ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். இந்த வழியில் எத்தனையோ வருடங்களாகப் போய்வருகிறேன். ஆனாலும் அது இறங்கும் இடம் எது என்று அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் நான் கவனித்ததே இல்லை.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த உடுப்பை வாங்கிவர, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பீஷானைத் தாண்டியதும் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல இருந்தது. கை சில்லிட்டுப்போனது. மூச்சை இழுக்கிறேன், அது தொண்டையைத் தாண்டி உள்ளே போகமாட்டேன் என்கிறது. ரயில் எங்கும் நிற்கவில்லை, எந்தக் கோளாறும் இல்லை. என்னைச் சுற்றி எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தபடி நிம்மதியாக நின்றிருந்தார்கள். அடுத்த நிலையத்தில் கதவு திறந்ததும் வெளியே போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிலையத்து ஊழியர் ஒருவர் ஆம்புலன்ஸை அழைத்தார்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். கணவர் பூன் லேயில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து சீருடையோடு ஓடிவந்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். முந்தைய வருடம் என் அப்பா எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில், கோப்பி பாதி குடித்திருக்கும்போது, மாரடைப்பில் சாய்ந்துவிட்டார். நாங்கள் இறங்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் அதற்கு மருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அதன் பிறகு நான் ரயிலை விட்டேன். தேக்காவுக்குப் பேருந்தில் போனேன். இரண்டு மடங்கு நேரம் ஆனது. அப்புறம் ஒரு நாள் லிஃப்டில் அதே அழுத்தம் வந்தது, லிஃப்டையும் விட்டேன். நான் பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஒரு காலை, பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோது பாட்டின் நடுவிலேயே அது வந்தது. பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்து, நான் தொடராததால் தாங்களே பாடி முடித்துக் கைதட்டினார்கள். அன்று பள்ளி விட்டதும் பாலிகிளினிக்குக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டர் நெஞ்சைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எங்கெங்கே போகாமல் தவிர்க்கிறேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என் ஊர் அவ்வளவு சுருங்கிப்போயிருந்தது. இது பதற்ற நோயாக இருக்கலாம், உளவியலாளரைப் பார்ப்பது நல்லது என்று சொல்லி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். வேலை செய்யும் இடத்துக்குச் சொல்வீர்களா என்றுதான் நான் முதலில் கேட்டேன். சொல்லமாட்டோம் என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சட்டென்று கேட்டார்.

"மனசுக்கு டாக்டரா? உனக்கு என்ன கொறை?"

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. குறை ஒன்றும் இல்லைதான், ஆனாலும் மூச்சு முட்டுகிறதே என்றேன். அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். சந்திப்புக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த வாரம் வந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னார்: "அன்னிக்கு நான் ஆஃப் போட்டுட்டேன். கூட வரேன்."

மருத்துவமனையில் எனக்கு இருந்த ஒரே பயம், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடக் கூடாது என்பதுதான். கணவர் கீழே கேன்டீனில் உட்கார்ந்துகொண்டார். நான் காத்திருக்கும் இடத்தில் ஒரு மூலை நாற்காலியைப் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது எதிரே என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அத்தா என்று கூப்பிடும் அவள் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவர், தினமும் பள்ளி வாசலில் பார்க்கும் முகம். இருவரும் ஒரே நேரத்தில் சுவரிலிருந்த சுவரொட்டியைப் படிக்க ஆரம்பித்தோம். அது கை கழுவுவது பற்றிய சுவரொட்டி. எவ்வளவு நேரம்தான் படிப்பது? கடைசியில் அவரே பேசினார்.

"டீச்சர், இங்க நம்ம எல்லாருக்கும் நம்பர்தான், பேரு கிடையாது லா. கவலப்படாதீங்க."

அவர் நெடுநாளாகத் தூக்கமில்லாமல் தவித்தாராம். கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதே கண்ணீர் வருமாம், ஏன் என்று தெரியாதாம். இங்கே வரத் தொடங்கிய பிறகு தூக்கம் திரும்பிவிட்டது என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் ஒளிவுமறைவே இல்லை. என் எண் திரையில் வந்தது. நான் எழுந்தபோது, உள்ளே இருப்பவர் சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி என்று தைரியம் சொல்லி அனுப்பினார். மறுநாள் பள்ளி வாசலில் அவர் மகளின் எழுத்துப் பயிற்சியைப் பற்றி வழக்கம்போலப் பேசிக்கொண்டோம். இருவரும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தோம், அவ்வளவுதான்.

உளவியலாளர் மலாய்க்காரப் பெண். டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்துவார். ஆங்கிலத்தில்தான் பேசினோம். பள்ளியில் பெற்றோரிடம் பேச எனக்கு ஆங்கிலம் போதும். ஆனால் அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று அவர் கேட்டபோது, பயமாக இருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தமிழில் சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, முதலில் உங்கள் காதுக்குக் கேட்கட்டும் என்றார்.

புரியாதவரிடம் பேசுவது விசித்திரமாக இருந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"நெஞ்சு அடைக்குது. கைகால் வெலவெலத்துப் போவுது. அப்பா மாதிரியே நானும் பொசுக்குன்னு போயிடுவேன்னு தோணுது. அப்பா கிட்ட யாருமே இல்ல. எனக்கும் யாரும் இருக்கமாட்டாங்க."

கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தயங்கி, இரண்டு முறை 'அப்பா' என்றீர்களே, அது மலாய்ச் சொல்லா என்று கேட்டார். மலாயில் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் 'என்ன' என்று கேட்பார்கள். நான் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை, அது என் தகப்பனார் என்று சொல்லும்போதே சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. அப்பா போனபோது நான் அழவில்லை. சடங்குக்கு ஏற்பாடு செய்தேன், சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன், காரியம் முடிந்ததும் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளோடு பாடினேன். அழுவதற்கு நடுவில் எங்கும் இடமே இருக்கவில்லை. அந்த அறையில் இடம் இருந்தது.

பிறகு வந்த வாரங்களில் அவர் எனக்கு என் உடம்பைப் புரியவைத்தார். அடுப்பில் மிளகாய் வறுத்தாலே அலறும் புகை மணி இருக்கிறதல்லவா, அதைப் போல என் உடம்பு தீ இல்லாத இடத்தில் மணி அடிக்கிறது என்றார். மணியைக் கேட்டு வீட்டை விட்டு ஓடாமல் இருக்கப் பழக வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த வைத்தியம் வினோதமானது. சுழல்நாற்காலியில் என்னைச் சுற்றவிட்டார், தலைசுற்றல் வருவதற்காக. மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியாக மூச்சு விடச் சொன்னார், மூச்சு முட்டுவதற்காக. நான் தயங்கியதும் அவரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து தலைமுக்காடு பறக்கச் சுற்றினார். இருவரும் நிறுத்தியபோது அவர் கதவைத் தேடிக்கொண்டிருந்தார், நான் மேசையைத் தேடிக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது, நான் சாகவில்லை. அன்றைக்குக் கற்றது அவ்வளவுதான்; அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துவரச் சொன்னார். அவர் நாற்காலியின் விளிம்பில், நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, முடியாமல் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"இது என்னாலயான்னு கேளு. நான் எப்பவும் வேலை வேலைன்னு இருந்துட்டேன்ல."

இத்தனை மாதமாக அவர் இதைத்தான் சுமந்துகொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் மொழிபெயர்த்தேன். உளவியலாளர் அவரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

அப்புறம் ரயில். முதலில் அங் மோ கியோவிலிருந்து பீஷான் வரை, ஒரே ஒரு நிலையம். முதல் முறை கணவர் பக்கத்தில் நின்றார், அடுத்த முறை பக்கத்துப் பெட்டியில் நின்றார், அதற்கடுத்த முறை பீஷான் மேடையில் எனக்காகக் காத்திருந்தார். ரயில் இருட்டுக்குள் இறங்கும்போது அது வரத்தான் செய்தது. கண்ணை மூடாதே, எண்ணாதே, எதிர்க்காதே, வரட்டும் என்று விடு என்று உளவியலாளர் சொல்லியிருந்தார். விட்டேன். அது ஏறியது, உச்சிக்குப் போனது, இனி தாங்காது என்ற இடத்தில் தானாகவே இறங்க ஆரம்பித்தது. அது இறங்கும் என்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எப்போதும் அதற்கு முன்பே ஓடியிருந்தேன்.

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. ஒரு முறை நொவீனாவில் இறங்கி, டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த சந்திப்பில் தலைகுனிந்து சொன்னேன். நொவீனா வரை போனீர்களே, போன மாதம் பீஷான்தானே என்றார் அவர்.

அடுத்த தீபாவளிக்குத் தேக்காவுக்கு ரயிலிலேயே போனேன். முறுக்கும் பலகாரமும் வாங்கி, கடைசிச் சந்திப்புக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். நோயாளிகளிடம் பரிசு வாங்கக் கூடாது என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து, அப்படியானால் இங்கேயே திறவுங்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்றார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, மறுபடி வந்தால் என்ன செய்வேன் என்பதைப் பேசி முடித்தோம். வராது என்று அவர் சொல்லவில்லை. வந்தாலும் எனக்கு வழி தெரியும் என்றார்.

அந்தத் தைப்பூசத்தில் கணவர் முதல் முறையாகப் பால்குடம் எடுத்தார். நான் அவருடைய செருப்பையும் மாற்றுத் துணியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, டேங் ரோட்டு முருகன் கோயிலில் அவரை எதிர்கொள்ளத் தனியாக ரயிலில் கிளம்பினேன். பெட்டி முழுக்க மஞ்சள் உடுப்பும் மல்லிகை வாசமும். நியூட்டனுக்கும் ஆர்ச்சர்டுக்கும் நடுவில் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. வந்தாயா, நில் என்று விட்டேன். பக்கத்தில் நின்ற பெண், டோபி காட் நிலையத்தில் எந்த வாசல் வழியாகப் போனால் கோயில் கிட்டம் என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சு அடித்ததை மறந்துவிட்டேன்.

வெயிலில் நடந்து வந்த கணவர் பாதம் சிவந்து, முகம் மலர்ந்திருந்தார். பாலைச் செலுத்திவிட்டு வந்து, அன்னதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரயில்ல கூட்டமா?"

"நிக்கக்கூட எடமில்ல."

அவர் தலையாட்டிவிட்டு, எனக்கும் சேர்த்து இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.