நாலு சக்கரத்துக்கும் காற்று

அரிசிப்பாளையத்து ஜெஸ்ஸியின் வண்டிக்கு நாலு சக்கரம். சிறுவயதில் வந்த போலியோ வலது காலைச் சூம்ப வைத்துவிட்டதால், ஸ்கூட்டியின் பின்பக்கம் இருபுறமும் துணைச் சக்கரம் பொருத்தியிருந்தாள். அதில்தான் தினமும் இளம்பிள்ளைக்குப் போய், ஒரு சேலைக்கடையில் பில் போட்டுவிட்டு வருவாள். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வண்டியை நிறுத்தியதும் முதலாளி கதிர்வேல், "வாங்க ஜெஸ்ஸி, நீங்க வந்தாத்தானுங்க கடையே ஓடுது" என்பாரே, அதைக் கேட்காத நாள் அவளுக்கு நாளே இல்லை.

சனியன் பிடித்தது காற்றில்தான். நாலில் ஏதாவது ஒரு சக்கரம் அடிக்கடி படுத்துக்கொள்ளும். பங்க்சர் கடைவரை தள்ளிக்கொண்டு போக அவளால் முடியாது. தம்பி சகாயராஜுக்குப் போன் போட வேண்டும். அவன் எலக்ட்ரீஷியன், செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவான். தங்கமான பிள்ளைதான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"எதுக்குக்கா இந்தத் திண்டாட்டம்? வேலைய உட்டுட்டு ஊட்டுல இரு. ஒருவாய்ச் சோறு நான் போடமாட்டனா?"

அன்பாகச் சொல்வதுதான். அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை. போன மாதம் அவன் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டான்: இன்னொரு முறை நடுரோட்டில் நின்றால், தானே கதிர்வேலிடம் பேசி வேலையை நிறுத்திவிடுவானாம்.

ஜெஸ்ஸி சண்டை போடவில்லை. சார்ஜ் போட்டு ஓட்டுகிற காற்றடிக்கும் மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும். விடிந்ததும் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் குனிந்து முக்கி முனகிச் செய்கிற வேலை, தரையில் உட்கார்ந்து பழகியவளுக்குக் கண்ணுக்கு நேராக இருந்தது. குழாயை வால்வில் திருகியதும் உள்ளே எவ்வளவு காற்று என்று காட்டியது. பின்சக்கரத்துக்கு முப்பது என்று வைத்துப் பொத்தானை அமுக்கினாள். தெருவே எழுந்துகொள்ளும்படி டர்ரென்று கத்திவிட்டு, முப்பது வந்ததும் தானாக நின்றது.

அதுவரை சரி. குழாயைக் கழற்றும்போது பயந்து பயந்து மெதுவாகத் திருகினாள். புஸ்ஸென்று காற்று பாதி போய்விட்டது. பல் தேய்த்துக்கொண்டு நின்ற சகாயராஜுக்குக் கொண்டாட்டம்.

"அதெல்லாம் விளையாட்டுச் சாமான்க்கா."

"நீ மொதல்ல வாயக் கொப்புளி, போடா."

மறுபடி அடித்து, கோழிக் கழுத்தைத் திருகுகிற வேகத்தில் வெடுக்கென்று கழற்றினாள். காற்று உள்ளேயே நின்றது. அன்றிலிருந்து மெஷின் வண்டியோடுதான் கிடந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது, தம்பிக்குத்தான் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லசமுத்திரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. "அவ்வளவு தூரம் வண்டி வேண்டாம், பஸ்ல வா" என்று சொல்லிவிட்டு, மனைவி நான்சியோடு சகாயராஜ் பைக்கில் முன்னால் போய்விட்டான். ஜெஸ்ஸி கேட்கிற ஆளா? வண்டியிலேயே கிளம்பினாள்.

ஆட்டையாம்பட்டி தாண்டியதும் பார்த்தால், ரோட்டோரம் பைக் நிற்கிறது. பின்டயரில் ஆணி. ஞாயிறு என்பதால் பங்க்சர் கடை பூட்டிக் கிடக்கிறது. பட்டுச்சேலையில் வேர்த்து வழிந்தபடி நான்சி புருஷனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆணியப் புடுங்கிறாதடா. டியூப்லெஸ் டயர்தான, அடிச்சுட்டா கொஞ்ச தூரம் தாங்கும்" என்று ஜெஸ்ஸி மெஷினை எடுத்து நீட்டினாள். எப்படிச் செய்வது என்று வண்டியில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். அவன் அப்படியே செய்தான். வழியில் இன்னொரு முறையும் நிறுத்தி அடிக்க வேண்டியிருந்தது. எப்படியோ பந்திக்கு முன்னால் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்ததும் பெரியப்பா அற்புதராஜ் பிடித்துக்கொண்டார். "ஏம்மா ஜெஸ்ஸி, இத்தன தூரம் தனியாவா வண்டியில வந்த? தம்பிகாரன் கூட்டிட்டு வரமாட்டானா?"

அவள் பதில் சொல்வதற்குள் சகாயராஜ் முந்திக்கொண்டான்.

"அட, நீங்க வேற பெரியப்பா. நாங்க ரெண்டு பேரும் வந்து சேந்ததே அக்கா புண்ணியத்துலதான்."

பந்தல் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னான். ஜெஸ்ஸிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் பிரியாணிக்கு இலையில் இடம் ஒதுக்கினாள்.

திங்கட்கிழமை அவள் இளம்பிள்ளைக்குக் கிளம்பியபோது தம்பி முன்னால் ஓடினான். நாலு சக்கரமும் தாராளமாகப் போகும்படி வெளிக்கேட்டை நன்றாகத் திறந்துவிட்டான்.