முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு வசனம்

என் பூஜை அலமாரியில் இருக்கும் முருகன் படம் வெகுகாலமாகச் சுவரை ஒட்டி நின்றதில்லை. அதன் பின்னால் ஓர் அட்டை இருந்தது. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் வெட்டியது. நீல மையில் ஒரே ஒரு வேத வசனம், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்தபடி. வெள்ளிக்கிழமை தூசி தட்டும்போது படத்தை எடுத்துத் துடைப்பேன், அட்டையைத் தொட மாட்டேன். "நம்ம முருகனுக்கு ஒரு கிறிஸ்தவ ரூம்மேட்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவரும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அட்டையை எழுதியவர் மாடி வீட்டு அண்ணாச்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கீழே இருந்தோம், அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் மேலே. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அவர் ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. அதிகாரி தும்மினால் அதையும் சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார் என்று அக்கா சொல்வாள். வேலையில் அவ்வளவு கறார். எங்கள் தமிழ்ச் சபை என்று அவர் சொல்லும் சின்னக் கூட்டம் ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். புத்தாண்டுக் காலையில் ஆராதனை முடிந்ததும் ஒரு டப்பா சுற்றி வரும். ஆளுக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் தங்களிடம் சொன்ன வார்த்தை என்பது அவர்கள் நம்பிக்கை. வாக்குத்தத்த அட்டை என்று பெயர். எல்லாம் ஆறுதலான வசனங்களாகவே இருக்கும். கேக்குக்காகவும் அக்காவின் துணைக்காகவும் வருடா வருடம் நானும் போவேன், நானும் ஓர் அட்டை எடுப்பேன்.

டிசம்பரில் அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து எழுத, நான் கத்தரிக்கோலால் அட்டைகளை வெட்டிக் கொடுப்பேன். அந்த டிசம்பரில் அவர் எழுதுவது மாறியிருந்தது. பஞ்சம், வாள், இடிந்த மதில் என்று வந்துகொண்டே இருந்தது.

"எல்லாம் நல்ல வசனம்தானா அண்ணாச்சி?" என்றேன்.

"வருஷம் பூராவும் மிட்டாய் மாதிரி இனிப்பையே குடுத்தா எப்படி தங்கச்சி? கடவுள் பேசுனா மனுஷனுக்கு நடுக்கம்லா வரும்? கடவுள் கூப்பிட்ட தீர்க்கதரிசிகள்ல ஒருத்தன் எனக்குப் பேசவே தெரியாதுன்னான். ஒருத்தன் கப்பலேறி ஓடியே போய்ட்டான். தேவதூதன் வந்தா முதல்ல பயப்படாதேன்னுதான் சொல்லுதான். பயப்படுத மாதிரி இல்லைன்னா அதை எதுக்குச் சொல்லணும்?"

அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிகள் எல்லாரும் கடவுளின் ஸ்டெனோக்கள் என்பது அவருடைய சித்தாந்தம். மேலிருந்து வார்த்தை வரும், கீழே இருப்பவன் எழுதுவான். "அதிகாரி சொன்னதுல பிடிச்சதை மட்டும் டைப் அடிச்சுக் குடுத்தா என்னை வேலையில வச்சிருப்பானா?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா அப்போது ஆறு மாதம். முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

புத்தாண்டுக் காலையில் டெல்லி பனிமூட்டத்தில் எதிர் வரிசை வீடுகள் தெரியவில்லை. ஆராதனையில் டப்பா வந்தது. என் அட்டையில் என்ன இருந்தது என்று நினைவில்லை, நல்லது ஏதோதான். அக்கா தன்னுடையதைப் படித்தாள், மறுபடி படித்தாள், புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தாள். அழிந்துகொண்டிருந்த தன் ஊருக்காக ஒரு தீர்க்கதரிசி சொன்னது அது. சாவு எங்கள் ஜன்னல் வழியாக ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது, பிள்ளைகளைக் கொண்டுபோக வந்துவிட்டது என்ற பொருளில் இருந்தது. அதை அவள் கையிலேயே திருப்பி வைத்தேன். முன் இருக்கையில் அண்ணாச்சி கேக் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை மாடியிலிருந்து அவர் குரல் கீழே வரை கேட்டது. "நான் பொதுவா எழுதினதுட்டி. உனக்குன்னா எழுதினேன்?"

அக்கா சத்தம் போடவில்லை. நான் படியில் நின்றதால் கேட்டது. "எழுதினது நீங்க. என் கைக்கு வர வச்சது யாரு?"

மேலிருந்து வருவதைக் கீழே இருப்பவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தானே.

மறுநாள் அக்கா ஜன்னல்களை மூடினாள். குளிருக்கு எல்லாரும் மூடுவதுதான். அவள் மைதா பசை காய்ச்சி, இந்திச் செய்தித்தாளைக் கிழித்து இடுக்குகளில் ஒட்டினாள். கொக்கிகளைச் சணலால் கட்டினாள். "ஜல்தி வந்துட்டு ஜல்தி கதவைச் சாத்து" என்பாள் நான் போனால். அண்ணாச்சி காகிதத்தைப் பிய்த்தால் அவர் ஆபீஸ் போனதும் மறுபடி ஒட்டுவாள். பிறகு அவர் பிய்ப்பதை விட்டுவிட்டார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கும்தான். என் மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். கிருத்திகைக்கு விளக்கேற்றுகிற எனக்கு அவர்களுடைய வேதத்து வசனம் என்ன செய்யும் என்று பகலில் சொல்லிக்கொள்வேன். இருட்டினால் எங்கள் ஜன்னல் கொக்கியையும் போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

ஜனவரி நடுவில் ஒரு மத்தியானம், அக்காவின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். அண்ணாச்சி சாப்பிட வருவார் என்று கதவைத் தாழிடாமல் வைத்திருந்தாள். கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போனதும் முகத்தில் அனல் அடித்தது. நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அங்கீட்டி கனன்றுகொண்டிருந்தது. டெல்லிக் குளிரில் கை காய வைக்கிற கரியடுப்பு, மூடிய அறையில் வைக்கவே கூடாது என்று பால்காரர் முதல் எல்லாரும் சொல்வார்கள். அக்கா படுத்திருந்தாள். உலுக்கினேன், கண் திறக்கவில்லை. கன்னம் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. ஜன்னல் சணல் அவிழவில்லை. என் விரல்களும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டன. சமையலறைக்கு ஓடி சப்பாத்திக் குழவியை எடுத்து வந்து கண்ணாடியை உடைத்தேன். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. அவளைத் தோளில் பிடித்து இழுத்து வெளியே மாடிப்படியில் கிடத்திவிட்டு, தெருவே வரும்படி கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்துவிட்டாள் என்றார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, துடிப்பு இருக்கிறது, புகை எவ்வளவு போனது என்பது பிறந்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். தாழ்வாரத்துப் பெஞ்சில் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆபீஸிலிருந்து ஓடி வந்தவர், சட்டைப் பையில் பென்சில் அப்படியே இருந்தது.

"மத்தியானம் பூரா அந்த வசனம் வர்ற அதிகாரத்தை நெனச்சுப் பாத்தேன் தங்கச்சி. அந்த மனுஷன் ஸ்டெனோ இல்ல. தன் ஊருக்காக அழுதிருக்கான். அழுது தீக்கத் தலையெல்லாம் தண்ணியா இருக்கக் கூடாதான்னு கேட்டு அழுதிருக்கான். அழுதுக்கிட்டுச் சொன்னதை நான் கத்தரிக்கோலால வெட்டி டப்பாவுல போட்டேன்." வெட்டியது நான்தான் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா என்னைக் கூப்பிட்டு அட்டையைக் கொடுத்தாள். "கடவுள் வார்த்தையைக் கிழிக்கவும் பயமா இருக்கு, வீட்டுல வைக்கவும் பயமா இருக்கு. உங்க சாமிகிட்ட வச்சுக்கோ." வாங்கிக்கொண்டேன். முருகன் பார்த்துக்கொள்வார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். உண்மையைச் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார் என்று முழுசாக நம்பவும் இல்லை.

பிரசவம் வரைக்கும் அந்த மாடியில் யாரும் உரக்கப் பேசவில்லை. ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழவில்லை. கதவுக்கு வெளியே நானும் அண்ணாச்சியும் நின்றோம். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வேதத்தையே தலைகீழாகச் சொல்லக்கூடியவருக்கு அப்போது ஒரு வசனம்கூடக் கிடைக்கவில்லை என்று பின்னால் சொன்னார். அப்புறம் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் அட்டை எழுதவில்லை. சபைக்கு மெட்ராஸிலிருந்து அச்சடித்தது வந்தது. இப்போது அண்ணாச்சியும் அக்காவும் இல்லை. நாங்கள் மயூர் விஹாருக்கு வந்துவிட்டோம். அன்று பிறந்த பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. புத்தாண்டன்று கேக்கோடு வந்துவிடுவாள்.

போன ஜனவரியில் வந்தபோது, "ஆன்ட்டி, இந்த ஃபோட்டோ எப்பவும் டேடாவே, கோணலாவே நிக்குது" என்று முருகன் படத்தை நேராக்கப் போனாள். அட்டை விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது.

"இது அப்பா ஹேண்ட்ரைட்டிங்தானே? அவரோட சைன் இப்படித்தான் வளைஞ்சிருக்கும். என்ன எழுதியிருக்கு ஆன்ட்டி?"

"வேத வசனம்."

"படிங்களேன்."

கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டேன் என்றேன். கண்ணாடி என் நெற்றியில்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "என்கிட்ட அப்பா தமிழ்ல எழுதினது ஒண்ணுகூட இல்ல. எடுத்துக்கட்டுமா?" என்றாள். கிழிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அவள் அம்மா கொடுத்ததை, அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறக்குமுன் அவளைக் குறித்து வந்ததாக நாங்கள் எல்லாரும் நடுங்கிய வார்த்தை அது. எடுத்துக்கொள் என்றேன். வேறு என்ன சொல்வது.

லிஃப்ட் வரை போய் வழியனுப்பும்போது, "பாப்பா, தூங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை" என்றேன்.

"இந்தக் குளிர்லயா? அச்சா ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

உள்ளே வந்து முருகன் படத்தைச் சுவரோடு சேர்த்து வைத்தேன். இப்போது அது நேராக நிற்கிறது. பிறகு போய், மருமகள் சாத்தியிருந்த ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்துவிட்டு, பாப்பா வீடு போய்ச் சேர்ந்ததாக ஃபோன் வரும்வரை அங்கேயே நின்றேன்.