நாய்க்குப் பின்னால் இருந்த மீன்

என்னைக் கடித்த நாயின் படங்கள் என் போனில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. என் பேரப்பிள்ளைகளின் படங்கள் அதில் பாதிகூட வராது. மகள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னோடு கோபித்துக்கொள்வாள். உன் பிள்ளைகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை, அந்த நாய் நிற்கும் என்று அவளுக்குப் பதில் சொல்வேன். அது உண்மையும்கூட.

நான் கருவாட்டு வியாபாரி. வீடு கனமூலையில். கிழமைக்கு இரண்டு தரம் கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை வாடிகளுக்கு லொறியில் போய்க் கருவாடு எடுத்துவருவேன். மீனைக் கீறி உப்பிட்டு வெயிலில் காயப்போடும் இடத்தைத்தான் வாடி என்கிறோம். லொறி ஓட்டுவது என் மனைவியின் தம்பி. மனம் நல்லது, வாயும் கையும்தான் அவசரம்.

அந்த வாடிகளில் ஒன்றை நடத்துகிறவர் ஒரு கத்தோலிக்கப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணன் முறையில் நாநா என்பார். விலை பேசும்போது மட்டும் இருவருக்கும் அந்த உறவு மறந்துபோகும். காகம் விரட்ட அவர் ஒரு கறுப்புப் பெட்டை நாய் வளர்த்தார். அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. அது அவருடைய மாமியாரின் பெயரில் முன்பாதி. மாமியார் இன்னும் சுகமாக இருக்கிறார், வாசிக்கவும் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் நான் வாடிக்குள் போனபோது தங்கச்சி கிணற்றடியில் இருந்தார். நான் குரல் கொடுக்காமல் நேரே போய்க் குனிந்து, காய்ந்துகொண்டிருந்த ஒரு கட்டா மீனை எடுத்து மணந்து பார்த்தேன். நாய்க்கு நான் வியாபாரி என்று தெரியுமா? கள்ளன் என்று நினைத்துக் கெண்டைக்காலில் ஒரு பிடி பிடித்தது. நான் போட்ட சத்தத்தில் காகங்கள்கூட எழும்பிப் பறந்தன.

மச்சான் லொறியிலிருந்து இரும்புக் கம்பியோடு ஓடிவந்தான்.

"தள்ளுங்க! இதக் கொல்லாம நான் இந்த எடத்த விட்டுப் போறல்ல."

தங்கச்சி ஓடிவந்து நாய்க்கு முன்னால் நின்றார். "என்னத் தாண்டித்தான் அத அடிக்கணும்" என்றார். குரல் உயரவில்லை. மச்சான் கம்பியைப் போட்டுவிட்டு, "அடுத்த முற எறச்சியில நஞ்சு வெச்சிக் கொண்டாறன், பாருங்க" என்று கத்தினான். தங்கச்சி அதைக் காதில் வாங்காதவர்போல என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். காதில் வாங்கியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் காயத்தைப் பார்த்து ஊசியைத் தொடங்கினார். பிறகு சொன்னார்: "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது நல்லது. ஆனா அத ரெண்டு கிழமைக்குப் பார்த்துக்கொண்டே இருக்கணும். செத்தாலும் சரி, காணாமப் போனாலும் சரி, உடனே என்னட்ட வரணும்."

சின்ன வயதில், நாங்கள் மன்னாரில் இருந்தபோது, எங்கள் தெருவில் ஒருவர் நாய் கடித்து, தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அலறி அலறியே இறந்துபோனார். நான் அந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஆகவே டொக்டர் சொன்னது என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. என்னைக் கடித்த நாய் நீடூழி வாழவேண்டும் என்று தொழுகைக்குப் பின் துஆக் கேட்டவன் எங்கள் பள்ளிவாசலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் நாய் கற்பிட்டியில், நான் கனமூலையில். தினமும் போய்ப் பார்க்க முடியாது. தங்கச்சியிடம் சொன்னபோது, "அதுக்கென்ன நாநா, நான் எப்படியும் ஒவ்வொரு நாளும் படம் எடுக்கிறனான்" என்று சொல்லி, என்னை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

சிலாபத்திலிருந்து கற்பிட்டிவரை நாய்ப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் அதில் இருந்தார்கள். பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்கும் விளையாட்டை வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் சிங்களத் தம்பி ஒருவர். மற்றவர்களின் நாய்களைத் தெரியும், ஆட்களை நான் நெடுநாள் அறியவில்லை. செய்திகள் பாதி சிங்களம், பாதி தமிழ். காலையில் எல்லோரும் படம் போடுவார்கள். பூப் படத்தில் காலை வணக்கம் எழுதி அனுப்பினால் மருத்துவமாது திட்டுவார்.

நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும் என்பது எங்கள் மார்க்க முறை. என் மனைவி சிரித்தாள். "போன்ல வாற நாய்க்கு ஏழு தரம் கழுவத் தேவல்லதானே?"

தங்கச்சியின் முதல் படம் வந்ததும் எனக்குச் சந்தேகம். இது இன்றைய படமா, போன மாதத்துப் படமா? கேட்கவும் கூச்சமாக இருந்தது. அப்போதுதான் நாய்க்குப் பின்னால் கிடந்த மீனைக் கண்டேன். முப்பது வருடமாகக் கருவாடு பார்க்கிற கண் இது. முதல்நாள் மீன் ஈரத்தில் மின்னும். அடுத்த நாள் ஓரத்தில் உப்புப் பூக்கும். அதற்கடுத்த நாள் வால் சுருண்டு, நிறம் மங்கிவிடும். தங்கச்சி எந்தக் கோணத்தில் எடுத்தாலும் பின்னால் மீன் கிடக்கும். அது வாடி, வேறு என்ன கிடக்கும்? மீனைப் பார்த்தே நான் நாளைச் சொல்லிவிடுவேன். நேற்று ஈரமாக இருந்த நெத்தலி இன்று காய்ந்திருந்தால், நாய் இன்று உயிரோடு இருக்கிறது. இந்த இரகசியத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அப்படி மீனுக்காகப் பார்க்கத் தொடங்கிய கண் மெல்ல மெல்ல முன்னால் இருந்த நாயையும் பார்த்தது. கறுப்பு நாயைப் படம் எடுப்பது லேசான காரியமல்ல. உச்சி வெயிலில் எடுத்தால் மண்ணில் யாரோ குழி தோண்டியதுபோல இருக்கும், கண்ணும் மூக்கும் தெரியாது. மருத்துவமாது குழுவில் சொல்லிக்கொடுத்தார்: விடியவிட்டு இளவெயிலில் எடுங்கள், மண்ணில் படுத்து நாயின் கண்மட்டத்துக்கு வாருங்கள், போனில் நாயின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். அடுத்த நாள் தங்கச்சியின் படத்தில் அந்த நாய்க்கு முதல்முறையாகப் புருவம் இருந்தது. கபில நிறத்தில், இரண்டு பொட்டு. என்னைக் கடித்த முகம் இவ்வளவு சாந்தமானதா என்று நான் தேநீரை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கிழமையில் ஒரு காலை வழக்கம்போலப் படம் வந்தது. நாய் படுத்திருந்தது. பின்னால் கட்டா மீன், மின்னும் ஈரத்தோடு. ஒன்றின் வாலைக் காகம் கொத்தியிருந்தது. முந்தின நாள் படத்தைத் திறந்து பார்த்தேன். அதே மீன், அதே கொத்திய வால், அதே ஈரம். நாய் மட்டும் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. இரண்டு படமும் ஒரே காலையில் எடுத்தவை.

ஒரே எண்ணம்தான் வந்தது: நாய் செத்துவிட்டது, தங்கச்சி மறைக்கிறார். போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. மச்சானுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். வழி முழுக்க அந்தத் தண்ணீர்க் கோப்பைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே, அந்தப் புருவத்தை இனிப் பார்க்க முடியாதே என்று ஒரு கவலையும் இருந்தது. அது எனக்கே புதினமாக இருந்தது.

வாடியில் தங்கச்சி உப்பு வாளியோடு நின்றார். நாய் இல்லை.

"நாய் எங்க தங்கச்சி? செத்துட்டா?"

"ஐயோ இல்ல நாநா. உசிரோட இருக்கு."

"அப்ப நேத்துப் படத்த ஏன் இண்டைக்கு அனுப்பின?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எப்படித் தெரியும்?"

நான் மீனைக் காட்டினேன். வால் கொத்துப்பட்ட அந்த மீனின் ஓரத்தில் இப்போது உப்புப் பூத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். என் கால் காயத்தால் அதுவரை லொறி வரவில்லை, நாளைக்குத்தான் திரும்ப வரும் நாள். மச்சான் சொன்ன நஞ்சை நினைத்து அவருக்கு நித்திரை இல்லை. அதனால் நாயைத் தன் அண்ணனின் படகில் ஏற்றிப் பத்தலங்குண்டுத் தீவுக்கு அனுப்பிவிட்டார். அண்ணன் பருவத்துக்கு அங்கே தொழில் செய்கிறார். அங்கே போன் வேலை செய்வது அபூர்வம்.

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்குச் சொன்னா அவருக்கும் சொல்லுவீங்க. உங்கட மச்சான்தானே."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்த இடத்திலேயே மச்சானுக்குப் போன் போட்டு, தங்கச்சி கேட்கும்படி சொன்னேன்: "அந்த நாய்க்கு ஒண்டு நடந்தா, ஒன்ட ராத்தாவுக்கு நீதான் பதில் சொல்லணும்." தன் அக்காவுக்குப் பயப்படாத தம்பி எங்கள் ஊரில் கிடையாது. அவன் அடங்கிப்போனான்.

அண்ணனுக்குப் போன் கிடைக்கவில்லை. தங்கச்சி குழுவில் எழுதினார். சிங்களத் தம்பி தீவுக்குப் போகும் படகுக்காரர் ஒருவரிடம் செய்தி சொல்லிவிட்டார். மருத்துவமாது என்னைப் போனில் தனியாக அழைத்து, பயப்படவேண்டாம், நேற்றுக் காலை நாய் நன்றாக இருந்திருக்கிறது, இன்றைக்குச் செய்தி வராவிட்டால் நாளைக் காலையே தானும் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னார். முன்பின் காணாத மனுஷி. கருவாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கச்சி தந்த பாணையும் சம்பலையும் தின்ன முடியாமல் தின்றுகொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது படம் வந்தது. அண்ணன் மணல்மேட்டில் ஏறி நின்று அனுப்பியிருக்கிறார். படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல். மீதிப் பாதியில் கடல், கடலுக்கு முன்னால் நாக்கைத் தொங்கவிட்ட எங்கள் கறுப்பி. என் ஆயுளில் நான் பார்த்த ஆக அழகான படம் அதுதான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பக்கத்தில் தங்கச்சி சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் மீன் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

இரண்டு கிழமை முடிந்தது. டொக்டர் இனிப் பார்க்கத் தேவையில்லை என்றார். நாயும் தீவிலிருந்து திரும்பிவந்தது. குழுவிலிருந்து விலகும்படி யாரும் சொல்லவில்லை, நானும் விலகவில்லை. மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து, அலுமாரியில் உறையோடு கிடந்த கமராவை வெளியே எடுத்தேன். தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் நீண்ட லென்ஸ் அதில் இருந்தது. அது எனக்கென்றே செய்ததுபோல இருந்தது. நாயின் எச்சில் பட்டால் கழுவித் துடைத்துத்தான் தொழவேண்டும், அதனால் நான் தூர நிற்பேன். கிட்டப்போய்ப் படுத்து எடுக்கிற மற்றவர்களின் லென்ஸில் நாய் மூக்கை வைத்து நக்கும். என் படங்களில் நாய்கள் யாரும் பார்க்காததுபோல இருக்கும். ஒன்று அலையைப் பார்த்துக் குரைக்கும், ஒன்று தன் வாலோடு சண்டைபிடிக்கும். சில ஞாயிறுகளில் பூசை முடிந்து அவர்கள் வர, நானும் போய், எல்லோருமாகக் கடற்கரையில் படம் எடுப்போம். மருத்துவமாது மீன்கறியும் சோறும் கட்டிக்கொண்டு வருவார். மச்சானும் வருவான். நாயைக் கண்டால் இன்னமும் இரண்டு காலையும் லொறி ஆசனத்தின்மேல் தூக்கிக்கொள்வான்.

இந்த வருடம் தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்தது. படகுகள் போகவில்லை. வாடிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்தக் கிழமை ஒரு காலை குழுவில் தங்கச்சியின் படம் வந்தது. கறுப்பி இளவெயிலில் உட்கார்ந்திருந்தது, புருவப்பொட்டு இரண்டும் துலக்கமாக. பின்னால் வரிசை வரிசையாகக் கட்டா மீன்.

மற்றவர்கள் அழகு, அருமை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருக்குத் தனியாக, "நான் வாறன் தங்கச்சி" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "மீனப் பாத்திட்டீங்களா நாநா?"

"ஓம்."

வாடியின் ஓரத்தில், பனைக்குக் கீழே புது மண் குவிந்திருந்தது. வயது போய்விட்டது, நித்திரையிலேயே போனது என்றார் தங்கச்சி. மற்றவர்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை, உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும் என்று தெரியும் என்றார். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

"உங்கட நாய் என்னக் கடிச்சது பெரிய உபகாரம், தங்கச்சி."

அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "என்ன கதை நாநா இது? பைத்தியம் பிடிக்காம இருக்கத்தானே ஊசி போட்ட நீங்க?"

பிறகு இருவரும் அந்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் போனில் அதன் படங்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினோம். முதல் படத்தில், நாய்க்குப் பின்னால், நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது.