இடது பக்கக் கண்ணாடி

அம்பத்தூரில் கார் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டும் கடையில் புகார்களைக் கவனிப்பது என் வேலை. ஒரு வாடிக்கையாளர் அன்று மூன்றாவது முறையாகத் தன் காரோடு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், நாலைந்து நாள் சவரம் செய்யாத முகம். பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் காரின் இடது பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

“ஃபிலிம்ல கோளாறு கீது சார். வெளிய ஒண்ணும் தெர்ல.”

வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் சரியாகவே வந்தது. அவர் நம்பவில்லை. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, இடது பக்கம் நாலடி தள்ளிப் போய் நின்றார்.

“நான் தெரியறனா?” என்று உரக்கக் கேட்டார்.

“நல்லாத் தெரியறீங்க சார்.”

“மூஞ்சி?”

“தெளிவாத் தெரியுது.”

பிறகு வந்து கதவைத் திறந்தார்.

“செம்பரம்பாக்கத்துல ரோட்டோரம் ஒரு அம்மா இவ்ளோ கிட்டதான் நின்னுகினு இருந்துச்சு. இடிச்ச சத்தம் கேட்டுதான் நிறுத்துனேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு சார்.”

சாவியை வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. புகார்த் தாளில் ‘ஃபிலிமில் குறையில்லை’ என்று எழுதினேன். கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.