சாயக்காரரின் ரத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை எனக்கு. சென்னையில் படித்துவிட்டு வந்திருந்தேன். என் கை தப்பு செய்யாது என்ற எண்ணம் அப்போதே உண்டு. இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலை, பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை அரக்குச் சிவப்பு ஏறிய கைகள். கண்களும் உதடுகளும்கூட அப்படித்தான் சிவந்திருந்தன. ஓயாத தலைவலி, கிறுகிறுப்பு என்றார்.

"கொதிக்கிற அண்டா பக்கத்துலயே நின்னுக்கினு இருக்காரும்மா. அந்தச் சூடுதான் தலைக்கு ஏறிடுச்சு" என்றார் மனைவி.

டாக்டர் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். அதற்கு அப்போது எங்களிடம் மெஷின் கிடையாது. சின்னக் கண்ணாடிக் குழாயில் அமிலம் விட்டு, ஒரு சொட்டு ரத்தத்தைக் கலந்து, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ரத்தம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தண்ணீர் வாங்கும்; தண்ணீர் நிற்கிற கோட்டின் எண்தான் அளவு. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு எட்டிலோ ஒன்பதிலோ நிறம் பொருந்திவிடும். இவருக்குப் பதினான்கைத் தாண்டியது, பதினாறைத் தாண்டியது, இருபதில்தான் நின்றது.

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விரல்ல இருந்த சாயத்தைத் தொடைக்காம குத்திட்டியாம்மா?"

"தொடைச்சிட்டுத்தான் சார் குத்தினேன். இப்ப நரம்புலேர்ந்து எடுக்கறேன். கூடவே உங்க ரத்தத்தையும் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்."

சொன்ன பிறகுதான் அதிகப்பிரசங்கித்தனமோ என்று தோன்றியது. ஆனால் அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரின் ரத்தம் பதிமூன்றரை. சாயக்காரருடையது மறுபடியும் இருபது.

இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், சாயக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஒண்ணுக்குப் போறப்ப நிறம் எப்படி இருக்குது?"

"செவப்பாத்தான் போவுது சார், மூணு மாசமா. நாள் பூரா சாயத்துல நிக்கறவனுக்கு வேற எப்படிப் போவும்னு உட்டுட்டேன்."

அவருடைய சிறுநீரை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். சாயமில்லை, சிவப்பணுக்கள். டாக்டர் அவரைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தபோது வலது விலாவுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டது. சிறுநீரகத்தில் கட்டி என்று அன்றே சென்னை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அன்று அவர் சொன்னதும் பின்னாளில் நானே படித்ததும் சேர்ந்துதான் முழுதாக விளங்கியது. ரத்தத்தில் பிராணவாயு குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்ததும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. எலும்பு மஜ்ஜையில் முதிராத செல்களின் மேல் அதைப் பிடித்துக்கொள்கிற ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து ஒட்டினால் அந்தச் செல்கள் மடியாமல் பெருகிச் சிவப்பணுக்களாகும். பிராணவாயு தேவையான அளவுக்கு வந்துவிட்டால் சுரப்பும் குறையும். இவருடைய கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கேட்காமலே சுரந்துகொண்டிருந்தது. அனுப்புவது யார் என்று ஏற்பிகளுக்குத் தெரியாதே! மஜ்ஜை ஓயாமல் ரத்தம் செய்துகொண்டே இருந்தது.

சென்னையில் அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து இருவரும் வந்தார்கள். அவர் இளைத்திருந்தார், ஆனால் தலைவலி போயிருந்தது.

"எனக்கே ஊசியில சாயம் ஏத்தி, கிட்னியைப் படம் புடிச்சாங்கம்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் பரிசோதித்தேன். பதினான்கு. சந்தோஷமாக வெளியே போய்ச் சொன்னேன். மனைவியின் முகம் வாடிவிட்டது.

"இருபது இருந்துச்சேம்மா! ஆறு கொறைஞ்சிடுச்சா?"

"குறைய வேண்டியதுதாம்மா குறைஞ்சிருக்கு. டாக்டர் ரத்தமே இவ்வளவுதான்."

மனைவி நம்பியதாகத் தெரியவில்லை. டாக்டரைத் தனியாகப் பார்த்து, "டானிக் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் மறுத்துவிட்டார். போகும் வழியில் அந்த அம்மாள் எதிர்க் கடையில் நின்று பேரீச்சம்பழம் வாங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாயக்காரர் பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே தின்ன ஆரம்பித்துவிட்டார்.