பெரியப்பா திரும்பிப் பார்த்த படம்

டின் மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறும், எனக்கு அதுதான் அப்பாவின் வாடை. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அவர், லீவு கிடைத்தால் கிள்ளானுக்குப் போய், பழைய சாமான் கடைகளைக் கிளறி, யாருக்கும் வேண்டாத போர்க்காலச் செய்திப் படச் சுருள்களாக வாங்கி வருவார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்கள் கட்டிலுக்கு அடியில் எல்லாம் அந்த டின்கள்தான். "அவனவன் பாட்டுப் படம் பாக்கறான், இவருக்கு மட்டும் 'சண்டப் படம்' வேணும்" என்று அம்மா முனகுவாள்.

முனகினாலும் காரணம் அவளுக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவின் அண்ணனை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை, செத்தார் என்ற சேதியும் வரவில்லை. பெரியம்மா எங்களோடுதான் இருந்தாள், தினமும் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு. எந்தப் படத்திலாவது அண்ணன் முகம் தெரியாதா என்றுதான் அப்பா சேர்த்தார்.

பகலில் ஜன்னலைச் சாத்தி, சுவரில் வேட்டி கட்டி, இரவல் புரொஜெக்டரில் ஓட்டுவோம். சுவிட்சு என் பொறுப்பு. "லைட் எரியறப்ப ரீல நிறுத்தவே கூடாது பாப்பா, சூட்டுல படம் பொசுங்கிடும்" என்பார் அப்பா.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு நாள், படத்தில் தண்டவாளக் கட்டை சுமந்து போன வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எதையும் வாய் திறந்து கேட்டுப் பழகாத பெரியம்மா, "நிறுத்துடி" என்றாள். நிறுத்திவிட்டேன்.

அவர் எங்களையே பார்த்தபடி நின்றார். அப்புறம் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி வந்து, கொப்பளித்துப் பரவி, முகம் போய் வேட்டியில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி, அவருதான்" என்றாள் பெரியம்மா. "இத்தன வருஷமா கொள்ளி வைக்க ஆளில்லாம கெடந்தாரு. இன்னிக்கு வச்சாச்சு."

குளித்துவிட்டு வந்தபோது அவள் நெற்றியில் பொட்டு இல்லை. அப்பா மட்டும் 'அண்ணன்தான்' என்று ஒருநாளும் சொன்னதில்லை, பிறகு படம் தேடிக் கிள்ளானுக்குப் போகவும் இல்லை.

கோட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ஈரத்தில் ஒட்டிக் கட்டியாய்ப் போன ரீல்களை நானே வீசினேன். இப்போது சுபாங் ஜெயாவில் மகள் வீட்டில், பேரன் போனில் ஏதோ தேசத்துச் சண்டையை ஓடவிட்டு, விரலால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். நிறுத்திய முகம் அப்படியே நிற்கிறது, ஒன்றும் ஆவதில்லை.

"நிறுத்தாதே ஐயா, ஓட விடு லா" என்கிறேன்.

"ஏன் பாட்டி?" என்கிறான். நானே விரலை வைத்து ஓட விடுகிறேன்.